உயிரினப் பரவல் வரைபடம் தப்பாக வந்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மேக்ஸென்ட் என்ற கணிப்பு மென்பொருளுக்கு, ஓர் இனத்தைப் பார்த்த இடங்களைப் புள்ளிகளாகவும் தட்பவெப்பம், சாய்வு போன்றவற்றை லேயர்களாகவும் கொடுத்தால், அந்த இனம் எங்கெல்லாம் வாழலாம் என்று காட்டும் வண்ண வரைபடம் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும். அது வனக்கோட்டத்தின் மேலாண்மைத் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், எங்கே அந்நிய மரங்களை அகற்றுவது, எங்கே ரோந்துப் பாதை போடுவது, எந்த இரண்டு காட்டுத் துண்டுகளை இணைப்பது என்பதெல்லாம் பல ஆண்டுகளுக்கு அதை வைத்துத்தான் முடிவாகும். ஏற்ற இடம் என்று சிவப்பு பூசிய இடத்தில் விலங்கு இல்லையென்றால் பணம் வீணாகும். விலங்கு இருக்கும் இடம் ஏற்றதல்ல என்று வெளுத்துப்போயிருந்தால் அந்த இடம் கணக்கிலேயே வராது. இரண்டில் இதுதான் கொடியது.

இந்த வழிமுறைக்கு நீலகிரி வரையாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நீலகிரியில் தொடங்கி அகத்தியமலை வரை, துண்டு துண்டான மலைத்தொடர்களில் மட்டும் வாழும் விலங்கு அது. மற்ற எங்கும் கிடையாது. சில இடங்களில் மலைப்பறவைகளும் உதாரணமாக வரும். கருவிகள் வழக்கமானவை: வேர்ல்ட்கிளிம் 2.1 தட்பவெப்ப லேயர்கள், 30 விநாடிப் பிக்சல் (ஒரு பாகையில் 120இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 1 கி.மீ. பக்கமுள்ள கட்டம்), ஆர் நிரல் மொழியில் டெர்ரா (லேயர்களைக் கையாள), மேக்ஸ்நெட் (மேக்ஸென்டை ஓட்ட), இஎன்எம்இவால் (மாடல்களை ஒப்பிட) தொகுப்புகள், வரைபடத்தைப் பார்க்க க்யூஜிஐஎஸ் மென்பொருள்.

சந்தேகப்பட வேண்டிய வரிசை இது: முதலில் புள்ளிகள், அடுத்து லேயர்கள், அடுத்து பின்னணிப் புள்ளிகள் (பதிவுகளோடு ஒப்பிடுவதற்காகப் பகுதியிலிருந்து எடுக்கும் புள்ளிகள்), கடைசியில்தான் மாடலின் அமைப்புகள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைபடம் சரியில்லை என்றதும் வேறு அல்காரிதத்துக்குத் தாவுகிறார்கள். புள்ளி கெட்டுப்போயிருந்தால் எந்த அல்காரிதமும் காப்பாற்றாது.

## அறிகுறி: புள்ளிகள் கடலில் விழுகின்றன, அல்லது மலையைத் தாண்டி வேறு பக்கம் போய்விட்டன

கடலில் விழுந்த புள்ளி நல்ல புள்ளி. தப்பு என்று தானே காட்டிக்கொடுத்துவிடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் ஊட்டிப் பதிவு ஆர்க்டிக் கடலில் போய் விழும். இரண்டு நெடுவரிசைகளையும் மாற்றிவிட்டால் முடிந்தது.

நிலத்திலேயே விழுகிற தப்புதான் ஆபத்து. ஊட்டியின் இடம் 11 பாகை 24 கலை வடக்கு, 76 பாகை 42 கலை கிழக்கு (ஒரு பாகைக்கு 60 கலை). பழைய குறிப்பேட்டில் இப்படி இருப்பதை யாரோ 11.24, 76.42 என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். சரியான தசம மதிப்பு 11.40, 76.70. இந்த ஒரு தவறால் புள்ளி தெற்கே சுமார் 18 கி.மீ., மேற்கே சுமார் 30 கி.மீ. நகர்ந்து மேற்குச் சரிவைத் தாண்டி கேரளப் பக்கம் இறங்கிவிடும். அங்கேயும் காடு இருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் தனியே எடுத்து எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பதிவுகளில் 60 முதல் 99 வரையுள்ள எண் ஒன்றுகூட இல்லையென்றால், கலையைத் தசமமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். புள்ளிகள் குறுகிய பரப்பில் நெருங்கியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொய் சொல்லலாம்.

தசம இலக்கங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே இலக்கம் என்றால் பிழை 11 கி.மீ. அளவில், இரண்டு என்றால் 1.1 கி.மீ., நான்கு என்றால் 11 மீட்டர். 1 கி.மீ. பிக்சலில் வேலை செய்யும்போது ஓரிலக்கப் பதிவுகளைத் தயங்காமல் நீக்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். அருங்காட்சியகப் பதிவுகளில் 'நீலகிரி' என்று மட்டும் எழுதியிருந்தால் மாவட்டத்தின் நடுப்புள்ளியை ஆயமாக (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக) கொடுத்திருப்பார்கள். ஆர் மொழியின் கோஆர்டினேட்கிளீனர் தொகுப்பு நாடு, மாநில நடுப்புள்ளிகளைப் பிடித்துவிடும். மாவட்ட நடுப்புள்ளியை நீங்களே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து எடுத்த ஆயங்கள் எவரெஸ்ட் டேட்டத்தில் (ஆயங்களை அளக்கப் பயன்படும் பழைய அடிப்படையில்) இருக்கும். மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று வைத்தால் சில நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். 1 கி.மீ. பிக்சலில் இது பொறுக்கலாம். 30 மீட்டர் பிக்சலுள்ள சாய்வு லேயரோடு சேர்த்தால் பாறை முகட்டில் நின்ற ஆடு தேயிலைத் தோட்டத்தில் நிற்கும்.

## அறிகுறி: மலையுச்சி விலங்குக்கு அடிவார வெப்பமும் ஒத்துவரும் என்கிறது மாடல்

வெப்பநிலைக்கான வளைவு (எந்த வெப்பநிலை எவ்வளவு ஒத்துவரும் என்று மாடல் வரையும் கோடு) குறுகிய மேடாக இருக்க வேண்டியது, அகலமான பீடபூமியாக நீண்டிருக்கும். வரைபடத்தில் சிவப்பு மலையிலிருந்து சமவெளிக்கு வழிந்திருக்கும். காரணம் பெரும்பாலும் ஆயத்தின் துல்லியமின்மை.

மலைநாட்டில் கிடைமட்டத்தில் ஒரு சின்ன நகர்வு, செங்குத்தில் பெரிய வீழ்ச்சி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 325 மீட்டரில். நேர்கோட்டில் நடுவே 16 கி.மீ. போல்தான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்று வைத்தால் இரண்டுக்கும் இடையே வெப்பநிலையில் 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். அதே 16 கி.மீ. நகர்வு தஞ்சாவூர்ப் பக்கம் நடந்திருந்தால் மாடலுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது, பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் நிலையிலுள்ள இனங்களின் ஆயங்களை வேட்டைக்காரர்களிடமிருந்து காக்க அந்தத் தளம் மறைத்துவைக்கிறது. உண்மையான இடத்துக்குப் பதிலாக 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது சுமார் 22 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள், எங்காவது ஒரு புள்ளியைக் காட்டும். நீலகிரியின் விளிம்பில் அப்படியொரு சதுரத்துக்குள் உச்சிப் புல்வெளியும் அடிவாரக் காடும் சேர்ந்தே அடங்கிவிடும். அந்தப் புள்ளியை நம்பி வெப்பநிலை எடுப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். மறைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பதிவை மாடலுக்குள் விடக்கூடாது.

செய்ய வேண்டியது: ஜிபிஐஎஃப் (பல இடங்களின் உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் தளம்) கோப்பில் 'கோஆர்டினேட் அன்சர்ட்டன்ட்டி இன் மீட்டர்ஸ்' என்ற நெடுவரிசையை, அதாவது ஆயத்தில் எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்பதை, திறங்கள். 1 கி.மீ. பிக்சலுக்கு 1,000 மீட்டரைத் தாண்டிய எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மறைக்கப்பட்ட பதிவுகளில் அங்கே பல்லாயிரம் மீட்டர் என்று இருக்கும். அந்த இடம் காலியாக இருக்கும் பதிவுகளை 'துல்லியமானவை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலி என்றால் தெரியாது என்று பொருள். இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தின் பட்டியல்களில் நடந்த தூரத்தைப் பாருங்கள். 5 கி.மீ. நடந்து பார்த்த பறவைகள் அத்தனையும் ஒரே புள்ளியில் குத்தப்பட்டிருக்கும். மலைப்பகுதிக்கு 1 கி.மீ.க்கு உட்பட்ட பட்டியல்களே பாதுகாப்பு.

பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் 30 மீட்டர் பிக்சலுள்ள உயர மாதிரியிலிருந்து (நிலத்தின் உயரத்தைத் தரும் லேயர்) உயரத்தை எடுத்து ஏறுவரிசையில் அடுக்குங்கள். மிகத் தாழ்வாக இருக்கும் பத்துப் புள்ளிகளையும் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் தாழ்வாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நீக்காதீர்கள். வரையாடு தாழ்ந்த பாறைச் சரிவுகளிலும் காணப்படுவதுண்டு. அந்தப் புள்ளி பாறைமேல் இருந்தால் அது தங்கம்.

## அறிகுறி: வரைபடம் சாலை வரைபடம் மாதிரி இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் பரவலான நோய், குணப்படுத்தக் கடினமானதும்கூட.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் காட்சி முனை. அங்கே வரையாடுகள் சாலையோரத்துக்கே வந்து நிற்கும். வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை விடும் ராஜமலையிலும் அப்படியே. ஒரு மந்தை, நூறு படங்கள், நூறு பதிவுகள். மாடலுக்கு அது நூறு தனித்தனிச் சாட்சிகளாகத் தெரிகிறது. 'தார்ச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் தட்பவெப்பமே வரையாட்டுக்குப் பிடித்தது' என்று கற்றுக்கொள்கிறது. ஆள் ஏறாத மலைமுகடுகள் வெளுத்துப்போகின்றன.

நோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய: சாலையிலிருந்து தூரம் என்ற ஒரே ஒரு லேயரை மட்டும் கொடுத்து மாடலை ஓட்டுங்கள். அதுவே புள்ளிகளை நன்றாகக் கணித்தால், உங்கள் புள்ளிகள் ஆடு எங்கே இருக்கிறது என்பதைவிட ஆள் எங்கே போகிறார் என்பதைத்தான் சொல்கின்றன.

மருந்து இரண்டு பங்கு. முதல் பங்கு, புள்ளிகளைக் கலைப்பது. ஒரு பிக்சலுக்கு ஒரு புள்ளி என்று குறையுங்கள். அதற்கு மேல் எஸ்பிதின் தொகுப்பில் 2 கி.மீ., 5 கி.மீ. என்று இடைவெளி கொடுத்து இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். 300 பதிவுகள் 45 ஆகச் சுருங்கினால் மனம் கலங்கும். கலங்க வேண்டாம், உங்களிடம் முதலிலிருந்தே 45 தான் இருந்தது.

இரண்டாவது பங்கு, பின்னணிப் புள்ளிகளைச் சாய்ப்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேக்ஸென்ட் இயல்பாகப் பகுதி முழுவதும் சீராக 10,000 பின்னணிப் புள்ளிகளைத் தூவும். பதிவுகள் சாலையோரமாகச் சாய்ந்திருக்க, பின்னணி மட்டும் சீராக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் சாலையும் கலந்துவிடும். பின்னணியும் அதே அளவு சாய்ந்திருந்தால் சாலை இரு பக்கமும் கழிந்துபோகும். எஞ்சுவது ஆட்டின் விருப்பம்.

செய்முறை: அதே பகுதியில், அதே மாதிரி ஆட்கள், அதே முறையில் பதிவு செய்யும் இனக்கூட்டத்தை எடுங்கள். வரையாட்டுக்கு யானை, காட்டெருமை, கடமான், நீலகிரி மந்தி போன்ற பெரிய பாலூட்டிகளின் பதிவுகள் அனைத்தும் பொருந்தும். பிக்சல்வாரியாக எண்ணி, 5 முதல் 10 கி.மீ. வீச்சில் மென்மையாக்கி (அந்த எண்ணிக்கையை அக்கம்பக்கத்துக்கும் பரப்பி), அந்த அடர்த்திக்கு ஏற்ற விகிதத்தில் பின்னணிப் புள்ளிகளை எடுங்கள்.

இதில் தவறும் இடங்கள்: அடர்த்தி லேயரில் சுழியம் இருந்தால் அந்தப் பகுதியிலிருந்து ஒரு பின்னணிப் புள்ளிகூட வராது, மாடலுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. மிகச் சிறிய ஒரு எண்ணைக் கூட்டிவிடுங்கள். வீச்சை 1 கி.மீ. என்று வைத்தால் பின்னணிப் புள்ளிகள் பதிவுப் புள்ளிகளின் மேலேயே குவிந்து, நல்ல வாழிடமே கெட்டதாகத் தெரியும். ஒரே மாவட்டத்தை மட்டும் எடுத்து 10,000 பின்னணி கேட்பவர்களும் உண்டு. நீலகிரி மாவட்டத்தின் பரப்பு 2,549 ச.கி.மீ.; 30 விநாடிப் பிக்சலில் மொத்தமே சுமார் 3,000 பிக்சல்கள். இல்லாததை எங்கிருந்து எடுப்பது?

ஓர் எச்சரிக்கை. சுற்றுலா இடங்களின் செல்வாக்கைக் குறைக்கிறோம் என்று இரவிகுளத்தையே அடக்கிவிடக் கூடாது. வரையாட்டின் மிகப்பெரிய கூட்டம் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறது. திருத்திய வரைபடத்தில் இரவிகுளம் மங்கினால், திருத்தம் அளவு மீறிவிட்டது.

## அறிகுறி: ஏயூசி 0.97, ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை

ஏயூசி என்பது பதிவுப் புள்ளிகளைப் பின்னணியிலிருந்து மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்கான மதிப்பெண்; 1 என்றால் முழு மதிப்பெண். பின்னணிப் பகுதியின் அளவைப் பாருங்கள். இந்தியா முழுவதையும் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் மாடல், வரையாட்டு மலையைத் தார்ப் பாலைவனத்திலிருந்து பிரித்துக் காட்டியதற்காக மதிப்பெண் வாங்கியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையும் அதைச் சொல்லும். பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதிக்கு, மலையடிவாரத்திலிருந்து வெளியே 20 முதல் 30 கி.மீ. அகல ஓரத்தோடு வெட்டுங்கள். ஏயூசி 0.85க்கு இறங்கும், வரைபடம் மேம்படும். இறங்கிய அந்த எண்தான் நேர்மையானது.

அடுத்த காரணம், சோதனைப் புள்ளிகளை (மாடலுக்குப் பயிற்சியில் காட்டாமல் ஒதுக்கிவைத்துப் பிறகு சரிபார்க்கும் பதிவுகளை) கண்டபடி தேர்ந்தெடுப்பது. பயிற்சிப் புள்ளிக்கு அரை கி.மீ. தள்ளி இருக்கும் புள்ளியை வைத்துச் சோதித்தால் மாடல் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். மலைத்தொடர்வாரியாகப் பிரித்துச் சோதியுங்கள்: நீலகிரி ஒன்று, ஆனைமலை, பழனிமலை, மூணாறு மேட்டுநிலம் சேர்ந்து ஒன்று, மேகமலை, பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று, அகத்தியமலை ஒன்று. மூன்றில் பயிற்சி, நான்காவதில் சோதனை என்று நான்கு முறை. அகத்தியமலையை மறைத்து ஓட்டிய மாடல் அங்குள்ள மந்தைகளைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், யாரும் போகாத மலைகளைப் பற்றி அது சொல்வதையும் நம்ப முடியாது. ஏயூசியோடு பாய்ஸ் குறியீட்டையும் கணக்கிடுங்கள்; மாடல் உயர்வாக மதிப்பிட்ட இடங்களில் பதிவுகளும் அதிகமாக இருக்கின்றனவா என்று அது பார்க்கும். பதிவு மட்டும் இருக்கும் தரவுக்கு அதுவே பொருத்தமானது.

## அறிகுறி: தேயிலைத் தோட்டமும் சீகைக் காடும் சிவப்பாக இருக்கின்றன

மாடலின் மேல் பழி போடாதீர்கள். வெறும் தட்பவெப்பம் மட்டும் கொடுத்தால் அதற்குத் தேயிலை எது, புல்வெளி எது என்று எப்படித் தெரியும்? கொடைக்கானல் மேட்டுநிலத்தில் புல்வெளியாக இருந்த பெரும்பரப்பில் இன்று சீகை எனப்படும் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் பைனும் நிற்கின்றன. வெயிலும் மழையும் மாறவில்லை, நிலம் மாறிவிட்டது.

ஆயத்த நிலப்பயன்பாட்டு லேயர்களை அப்படியே போடுவதும் உதவாது. ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவின் வேர்ல்ட்கவர் 10 மீட்டர் துல்லியம் உடையது, அருமையானதுதான். ஆனால் அதில் இயற்கையான சோலைக்காடும் சீகைத் தோப்பும் யூகலிப்டஸும் எல்லாமே 'மரப்போர்வை' என்ற ஒரே வகுப்பு. தனி லேயர் தயாரிக்க வேண்டும். சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்களில் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ளவற்றை எடுங்கள். பனியும் வறட்சியும் சேர்ந்து மலைப் புல்வெளி பழுப்பாகியிருக்கும், சீகை பச்சையாகவே நிற்கும். அப்போதுதான் இரண்டும் தெளிவாகப் பிரியும். வகுப்புக்கு 50 முதல் 100 மாதிரிப் பலகோணங்கள் வரையுங்கள். தேயிலையும் ஆண்டு முழுவதும் பச்சைதான்; அதைப் பிரிக்க நிறத்தோடு பரப்பின் நயத்தையும் (படத்தில் பரப்பு வழவழப்பாகவா சொரசொரப்பாகவா தெரிகிறது என்பதை) ஒரு லேயராகச் சேர்க்க வேண்டும். கடைசியில் மாடலுக்குக் கொடுக்க வேண்டியது வகுப்பு எண் அல்ல, ஒவ்வொரு 1 கி.மீ. பிக்சலிலும் புல்வெளி எத்தனை சதவீதம் என்ற எண்.

அடுத்தது சாய்வு. 'வரை' என்றால் மலை. இந்த விலங்குக்கு எந்த லேயர் முக்கியம் என்று பெயரிலேயே இருக்கிறது. துரத்தப்பட்டால் அது செங்குத்துப் பாறைக்குத்தான் ஓடும். ஆனால் பலர் உயர மாதிரியை முதலில் 1 கி.மீ.க்குச் சுருக்கிவிட்டுப் பிறகு சாய்வைக் கணக்கிடுகிறார்கள். 100 மீட்டர் கிடைத்தூரத்தில் 200 மீட்டர் விழும் பாறையின் சாய்வு 63 டிகிரி. அதே 200 மீட்டர் வீழ்ச்சியை 1 கி.மீ.க்குப் பரப்பினால் 11 டிகிரி. வரை காணாமல் போய் மேடு மட்டும் மிஞ்சுகிறது. வரிசையை மாற்றுங்கள்: 30 மீட்டரில் சாய்வு, பிறகு 1 கி.மீ. பிக்சலுக்குள் 40 டிகிரியைத் தாண்டிய பங்கு எவ்வளவு என்று சுருக்கம்.

சாய்வு லேயர் முழுவதும் 89, 90 என்று வருகிறதா? உயரம் மீட்டரில், கிடைத்தூரம் பாகையில் இருக்கிறது. லேயரை, தூரத்தை மீட்டரில் அளக்கும் வரைபட வீழலான யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32643 என்ற குறியீட்டுக்கு, மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள். நீலகிரியும் கொடைக்கானலும் அந்த மண்டலத்தில்தான் வரும். 78 பாகைக்குக் கிழக்கே போனால் 44ஆம் மண்டலம்.

நூறாண்டுக்கு முந்தைய அருங்காட்சியகப் பதிவை இன்றைய நிலப்பயன்பாட்டோடு சேர்க்காதீர்கள். அன்று புல்வெளியில் சுட்ட ஆடு இன்று தேயிலையில் நிற்பதாக மாடல் கற்றுக்கொள்ளும்.

## அறிகுறி: நேர்கோடுகள், பட்டைகள், இல்லாத நிலவகைகள்

வரைபடத்தின் குறுக்கே கத்தியால் வெட்டியதுபோல் கோடு இருந்தால், வேர்ல்ட்கிளிமின் 19 பயோ லேயர்களில் பயோ 8, பயோ 9, பயோ 18, பயோ 19 ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். மிக ஈரமான காலாண்டின் வெப்பநிலை, மிக வெப்பமான காலாண்டின் மழை என்று இரண்டைப் பின்னிக் கட்டிய லேயர்கள் அவை. தென்மேற்குப் பருவமழையில் நனையும் பக்கமும் வடகிழக்குப் பருவமழையில் நனையும் பக்கமும் அடுத்தடுத்து இருக்கும் நம் மலைகளில், 'ஈரமான காலாண்டு' ஒரு பிக்சலில் ஜூலையாகவும் அடுத்த பிக்சலில் நவம்பராகவும் தாவும். அந்தத் தாவல்தான் கோடு.

நிலவகை லேயரைச் சுருக்கும்போதோ வேறு வீழலுக்கு மாற்றும்போதோ, அக்கம்பக்கப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும் பைலீனியர் முறையைத் தொடாதீர்கள். வேர்ல்ட்கவரில் மரம் 10, புதர் 20, புல்வெளி 30, பயிர் 40, கட்டடம் 50. மரத்துக்கும் புல்வெளிக்கும் சராசரி எடுத்தால் 20: சோலை விளிம்பெல்லாம் புதராகிவிடும். மரத்துக்கும் கட்டடத்துக்கும் சராசரி 30: ஊட்டி நகரத்தின் ஓரம் முழுக்கப் புல்வெளி. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். வகுப்பு எண்களுக்கு மிக அருகிலுள்ள பிக்சலின் எண்ணையே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர், வெப்பநிலை போலத் தொடர்ந்து மாறும் எண்களுக்கு மட்டும் பைலீனியர்.

லேயர்கள் அடுக்க மறுத்தால் ஒன்றை மூலமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் டெர்ராவின் ரீசாம்பிள் கட்டளையால் அதற்குப் பொருத்துங்கள்.

## அறிகுறி: இனமே இல்லாத மலையில் சிவப்பு

மாடல் சொல்வது 'இங்கே வாழலாம்' என்பதை. 'இங்கே இருக்கிறது' என்பதை அல்ல. பகுதியைக் கர்நாடகம் வரை விரித்தால் பாபா புடன்கிரிப் புல்வெளிகள் சிவக்கலாம், இலங்கையைச் சேர்த்தால் ஹோர்ட்டன் சமவெளி சிவக்கலாம். வரையாடு அங்கே நடந்துபோக வழியில்லை.

பறவைகளில் இன்னொரு சிக்கல். நீலகிரி சோலைக்கிளி என்ற சிறு பறவை (கிளி அல்ல) பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே; வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி தெற்கே. முன்பு இரண்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள். பழைய பதிவுகளைப் பழைய அறிவியல் பெயரோடு இறக்கினால் கணவாயின் இருபுறமும் ஒரே இனமாக வந்து விழும். முதலில் பெயரைச் சரிபார்த்துப் பதிவுகளைப் பிரித்துவிடுங்கள், பிறகு கணவாயைக் கோடாக வைத்து மறுபக்கத்தை வெட்டுங்கள். வெட்டிய வரைபடத்தையும் வெட்டாததையும் தனித்தனியே சேமியுங்கள். மறுகுடியேற்றம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வெட்டாததுதான் தேவை.

## அறிகுறி: வளைவுகள் மலைப்பாம்பாக நெளிகின்றன

புள்ளி குறைவு, லேயர் அதிகம். 12 புள்ளிக்கு 19 லேயர் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும் தொடர்பு (கோரிலேஷன்) 0.7ஐத் தாண்டும் லேயர் ஜோடிகளில் ஒன்றை விடுங்கள். எதை வைப்பது என்பதை எண் முடிவு செய்யக்கூடாது, விலங்கின் வாழ்க்கை முடிவு செய்ய வேண்டும். பத்துப் புள்ளிக்கு ஒரு லேயர் என்பது கைக்கணக்கு. மாடலின் வளைவு வடிவங்களில் நேர்கோடும் இருபடியும் போதும். வளைவு அளவுக்கு மீறி நெளியாமல் கட்டுப்படுத்தும் ரெகுலரைசேஷன் மதிப்பை 1, 1.5, 2, 3, 4 என்று ஏற்றி இஎன்எம்இவாலில் ஒப்பிடுங்கள். 25க்குக் கீழே புள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுச் சோதிக்கும் ஜாக்நைஃப் முறை.

## அறிகுறி: படம் சரி, பரப்பளவு தப்பு

பிக்சலை எண்ணி அதையே ச.கி.மீ. என்று எழுதிவிடுகிறார்கள். 30 விநாடிப் பிக்சல் 1 ச.கி.மீ. அல்ல. 11 பாகை வடக்கில் அது 0.91க்கு 0.92 கி.மீ., அதாவது 0.84 ச.கி.மீ. ஆயிரம் பிக்சல் என்றால் சுமார் 840 ச.கி.மீ.தான். டெர்ராவின் செல்சைஸ் கட்டளை ஒவ்வொரு பிக்சலின் உண்மைப் பரப்பைத் தரும். இந்தப் பரப்பை, அழியும் இனங்களின் சிவப்புப் பட்டியலைத் தயாரிக்கும் ஐயூசிஎன் அமைப்பு கேட்கும் 'வாழும் பரப்பு' என்று கொடுக்கவும் கூடாது. அது 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களில், விலங்கு உண்மையில் இருக்கும் கட்டங்களை எண்ணுவது.

வெட்டுப்புள்ளி, அதாவது எந்த மதிப்புக்கு மேல் 'ஏற்ற இடம்' என்று கொள்வது என்ற எல்லை, 0.5 என்பதற்கு இந்த வகை மாடலில் தனிப்பொருள் கிடையாது. தேடப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள்: பயிற்சிப் புள்ளிகளில் கீழ்ப் பத்து சதவீதத்தை மட்டும் இழக்கும் மதிப்பு. சீகை அகற்றப் பணம் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் இறுக்கமாக. ஒரே மாடல், வேலைக்கு ஏற்ப இரண்டு வெட்டு.

## அறிகுறி: தேடாத இடமெல்லாம் 'இல்லை' என்று ஆகிவிட்டது

பனிமூட்டத்தில் ஒரு காலை போய்ப் பார்த்து ஆடு தென்படவில்லை என்றால் அது 'இல்லை' அல்ல. ஒருமுறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை போனாலும் தவறவிடும் வாய்ப்பு 0.7இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 17 சதவீதம். எட்டு முறை போனால் 6 சதவீதம். கள ஆட்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் கணக்கெடுப்பு உங்களிடம் இருந்தால் மேக்ஸென்டை விட்டுவிட்டு ஆக்குபன்சி மாடலுக்குப் போங்கள். கண்ணில் படாததையும் இல்லாததையும் அது தனித்தனியே கணக்கிடும். அதற்கு ஒவ்வொரு வருகைக்கும் நேரம், மூட்டம், பார்த்தவர்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஒன்றும் பார்க்கவில்லை' என்ற நாளின் குறிப்பைக் கிழித்துப்போட வேண்டாம் என்று வேட்டைத் தடுப்புக் காவலர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். அந்தக் காகிதம் விலைமதிப்பற்றது.

## கொடுப்பதற்கு முன் ஒரு களச்சோதனை

வரைபடத்தைச் சிவப்பு, நடுத்தரம், வெளுப்பு என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 20 கட்டங்களைக் குலுக்கலில் எடுங்கள். சிவப்புக்கு மட்டும் போய்ப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று திரும்பி வருவது சோதனையாகாது. நேரில் ஆட்டைப் பார்க்க முடியாவிட்டாலும் புழுக்கை, குளம்படி, படுக்கை இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். புழுக்கையைக் கடமானுடையதிலிருந்து பிரித்தறியத் தெரிந்த உள்ளூர்க் காவலர் ஒருவர் கட்டாயம் உடன் வர வேண்டும்.

வனத்துறைக்குக் கொடுக்கும்போது வெட்டிய வரைபடத்தோடு, வெட்டுவதற்கு முன்பிருந்த மதிப்புகளைக் காட்டும் ராஸ்டரையும் (பிக்சல் கோப்பு), பல ஓட்டங்களுக்கிடையே எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் இன்னொரு ராஸ்டரையும் சேர்த்துக் கொடுங்கள். பீட் எல்லைகளை (வனக்காவலர்களின் பொறுப்புப் பகுதிகளின் எல்லைகளை) மேலே போட்டுக் கொடுத்தால்தான் சரகத்தில் யாராவது திறந்து பார்ப்பார்கள். புள்ளிக் கோப்பைப் பொதுவில் வைக்காதீர்கள், 10 கி.மீ. கட்டமாக மங்கலாக்கியதே வெளியே போகலாம்.

வெளுத்த 20 கட்டங்களில் ஒன்றில் புழுக்கை கிடைத்துவிட்டால், மாடலை மறுபடி ஓட்டுவதற்கு முன் அந்த ஒரு கட்டத்தின் எல்லா லேயர் மதிப்புகளையும் எடுத்துப் பதிவுப் புள்ளிகளின் மதிப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புல்வெளிச் சதவீதமா, பாறைப் பங்கா, வெப்பநிலையா, எது அந்த இடத்தை வெளுக்கவைத்தது என்று தெரிந்துவிடும். திருத்த வேண்டியது அந்த லேயரை.